லைஃப் ஜாக்கெட்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அணைகளில் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதியபோது லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி இரண்டு வரிதான் சொன்னேன். "போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஆச்சா, எதை வாங்குவது, எப்படிப் போடுவது என்று யார் சொல்வது?" என்று கேட்டு நிறையக் கடிதங்கள். கேட்டது நியாயம். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகன் கனடாவில் வேலையில் இருக்கிறானுங்க. ஏரியில் பனி உருகியதும் கூட்டாளிகளோடு சின்ன அலுமினியப் படகில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்கிறான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளப்பா என்றால், "நம்ம தோட்டத்துக் கிணத்துல மேலிருந்து குதிச்சவனுக்கு அதெல்லாம் எதுக்குங்கப்பா, படகுலதான் கிடக்குது" என்கிறான். நன்றாக நீச்சல் தெரிந்தவனுக்கு அது அவசியந்தானா? (பெருந்துறை வாசகர்)

பதில்: அவசியம் ஐயா. உங்கள் மகன் நன்றாக நீந்துவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் நீந்திப் பழகியது நம்ம ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அங்கே பனி உருகிய ஏரி 4, 5 டிகிரியில் கிடக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருக்கிற தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்பதில்லை; விழுந்த நொடியே வாய் தானாகத் திறந்து மூச்சை ஒரே இழுப்பாக உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்கு அடியில் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். அப்புறமும் ஒரு நிமிடம், சிலருக்கு இரண்டு மூன்று நிமிடம், இரைப்பு அடங்காது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆபத்து அங்கேயே வந்துவிடும். இதில் நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசமே கிடையாது, ஏனென்றால் நீச்சலுக்கு முதலில் வேண்டியது மூச்சு.

அந்த நாட்டிலேயே மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேலை பார்த்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்பவர், பனித் தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். 1-10-1 என்று அவர் சொல்கிற கணக்கை மகனுக்கு அனுப்பி வையுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் வருவதற்கு. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் நாம் சொன்னபடி அசையும். படகைப் பிடிப்பது, ஏறுவது, விசில் ஊதுவது எல்லாம் அதற்குள். அதற்கு மேல் விரல் மடங்காது, கை வீசாது. உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதுவரை முகம் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமே. கை ஓய்ந்துபோன ஆளை மேலே வைத்திருக்கிற வேலையை ஜாக்கெட்தான் செய்ய முடியும்.

"படகுலதான் கிடக்குது" என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பனித் தண்ணீரில் கிடந்துகொண்டு ஜாக்கெட்டைத் தேடிப் பிடித்து, கை நுழைத்து, பக்கிள் மாட்டுவது யாராலும் ஆகாத காரியம். கரையிலேயே போட்டு, எல்லாப் பக்கிளையும் மாட்டிவிட்டு, அப்புறம் படகில் கால் வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைவான படகில் இருப்பவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, வைத்திருந்தால் மட்டும் போதாது.

இன்னொன்று. பனி உருகுகிற மாதத்தில் அங்கே வெயில் இதமாக இருக்கும், பையன்கள் டீ-ஷர்ட்டோடு கிளம்பிவிடுவார்கள். வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும். கம்பளி உள்சட்டை, அதன் மேல் ஜாக்கெட். மிதவை ஃபோம் உள்ளேயே வைத்துத் தைத்த கோட்டு, முழு உடுப்பு எல்லாம் அங்கே கிடைக்கின்றன. அடிக்கடி போகிறவன் என்றால் செலவைப் பார்க்காமல் அதையே வாங்கட்டும். ஜாக்கெட்டில் அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடாவின் ஒப்புதல் லேபிள் இருக்க வேண்டும். தப்பித்தவறி விழுந்துவிட்டால் கவிழ்ந்த படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. படகைப் பிடித்து எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு மேலே ஏறிக்கொள்ள வேண்டும். தண்ணீர் உடம்புச் சூட்டை காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகப் பறிக்கும் என்பார்கள், அதனால் உடம்பு எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு லாபம். ஏறவே முடியாவிட்டால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதக்க வேண்டும். ஜாக்கெட் இல்லாமல் அப்படி இருக்கவே முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பார்த்தால் 50, 100, 150, 275 என்று நம்பர் போட்டிருக்கிறார்கள். விலையும் ஏகத்துக்கு வித்தியாசம். பெரிய நம்பர் வாங்கினால் நல்லதுதானே? (கோபி வாசகர்)

பதில்: அந்த நம்பர் நியூட்டன் கணக்கு, ஜாக்கெட் ஆளைத் தூக்கிப் பிடிக்கிற விசை. 10 நியூட்டன் என்றால் சுமாராக 1 கிலோவைத் தூக்கும். "என் எடை 80 கிலோ, 50 நியூட்டன் எப்படித் தாங்கும்?" என்று பலரும் குழம்புகிறார்கள். தண்ணீருக்குள் நம் உடம்பே ஏறக்குறைய மிதக்கிற பொருள்தான். பெரியவர் ஒருவருக்கு முகம் வெளியே இருக்கக் கூடுதலாக மூன்று முதல் ஐந்தரை கிலோ தூக்கினால் போதும். ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் எடையை மட்டும் அல்ல, என்ன உடுத்தியிருப்பீர்கள், எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார்கள், நினைவு தப்பினால் என்ன ஆகும் என்பதை.

50 என்பது நீச்சல் தெரிந்து, கரை பக்கத்தில், உதவிக்கு ஆள் இருக்கிற இடத்துக்கு. அது உங்களைப் புரட்டி மல்லாக்கப் போடாது. 100 என்பது அலை அதிகம் இல்லாத தண்ணீருக்கு. கழுத்துப்பட்டையோடு வரும், பெரும்பாலும் முகத்தை மேலே திருப்பிவிடும். 150 ஆழமான, அலையுள்ள தண்ணீருக்கு. 275 கனத்த உடுப்பும் கருவிகளும் சுமக்கிறவர்களுக்கு, நம்மில் யாருக்கும் தேவைப்படாது. நம்ம அணைகளுக்கு நான் 100 என்பேன். தனியாகப் போகிறவர், இருட்டில் போகிறவர், பிரஷர் சுகர் இருப்பவர் கட்டாயம் 100-க்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்புறம், பெல்ட் மாதிரி மெலிசாகக் கழுத்தில் தொங்குகிற, விழுந்ததும் கேஸ் சிலிண்டர் திறந்து ஊதிக்கொள்கிற வகை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் படகில் போகிறவர்கள் விரும்பிப் போடுகிறார்கள், உடம்புக்குத் தொந்தரவே தெரியாது. நமக்கு அது சரிவராது என்பது என் தீர்மானமான கருத்து. ஒருமுறை ஊதிவிட்டால் புதுச் சிலிண்டர் வேண்டும், அது கோபியிலும் சத்தியிலும் எந்தக் கடையில் கிடைக்கும்? தண்ணீரில் வில்லை கரைந்து சிலிண்டரைத் திறக்கிற ரகம் நன்றாக நனைந்தாலே, நல்ல மழையிலேகூட, ஊதிக்கொள்ளும். மீன் முள்ளும் தூண்டில் கொக்கியும் குத்தினால் ஓட்டை. ஃபோம் ஜாக்கெட் குண்டாக இருந்தாலும் அதில் பழுதாகிற சிலிண்டரோ வில்லையோ இல்லை, குளிருக்கும் இதம். கேஸ் வகையை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எல்லா உடுப்புக்கும் மேலேதான் போட வேண்டும். ஜெர்கினுக்கு உள்ளே போட்டால் அது ஊதும்போது நெஞ்சைப் போட்டு நசுக்கிவிடும்.

கேள்வி: எங்கூட்டுக்காரர் பவானிசாகர் அணையில் பரிசல் ஓட்டி வலை விடுகிறாருங்க. விடியக்காலை 4 மணிக்குப் போவார். ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன், "வலை இழுக்க முடியல, துடுப்பு போட முடியல" என்று மூலையில் வீசிவிட்டார். என்னதான் செய்வது? (சத்தியமங்கலம் வாசகி)

பதில்: அம்மணி, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நீங்கள் வாங்கியது சுற்றுலாப் படகில் கொடுக்கிற, முன்னால் இரண்டு பெரிய பலகை வைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டாக இருக்க வேண்டும். அது உட்கார்ந்து போகிறவர்களுக்கு. குனிந்து நிமிர்ந்து வலை இழுக்கிறவருக்கு அக்குள் பக்கம் அகலமாக வெட்டியது, ஃபோம் சின்னச் சின்னத் துண்டாக மடங்குகிற மாதிரி வைத்தது, முன்னால் ஜிப்பும் இரண்டு பக்கிளும் மட்டும் இருப்பது வேண்டும். தொங்குகிற வார் ஒன்றுகூட இருக்கக் கூடாது, தங்கூஸ் (நைலான் நரம்பு) வலை அதில்தான் மாட்டும். மிச்ச வாரை மடித்து ஒரு தையல் போட்டுவிடுங்கள். இந்த ரகம் பெரும்பாலும் 50 நியூட்டனில்தான் வரும். 100-தான் நல்லது, இருட்டில் போகிறவர் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று மேலே சொன்ன நானே உங்கள் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், மூலையில் கிடக்கிற 100-ஐ விட உடம்பில் இருக்கிற 50 மேல். ஆனால் அப்போது தனியாகப் போகக் கூடாது, பக்கத்திலேயே இன்னொரு பரிசல் இருக்க வேண்டும்.

கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள். போட்டு, எல்லாவற்றையும் இறுக்கி, துடுப்புப் போடுகிற மாதிரி கையை வீசிப் பார்க்கட்டும். பிறகு நீங்கள் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் அது அப்படியே மேலே போய்விடும், ஆள் கீழே நழுவிவிடுவார். வாங்கி வந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருமுறை மல்லாந்து மிதந்து பார்க்கட்டும். பழகிய பிறகு பெரும்பாலும் அதை மறந்தே போவார்கள்.

பவானிசாகர் தண்ணீர் கனடா தண்ணீர் மாதிரி கிடையாது, மார்கழியிலும் விழுந்த உடனே விறைக்க வைக்காது. ஆனால் நம் உடம்புச் சூடு 37 டிகிரி, அதைவிடக் குறைந்த எந்தத் தண்ணீரும் நேரம் போகப் போகச் சூட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். இருட்டில் விழுந்தவரை விடிந்த பிறகுதான் தேடுவார்கள் என்றால் அந்த இரண்டு மூன்று மணி நேரம் பெரிய விஷயம். மார்கழியைவிட எனக்குக் கவலை ஆனி ஆடி மாதம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அணைத் தண்ணீரில் அலையைக் கிளப்பிவிடும், பரிசலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, சுற்ற ஆரம்பித்தால் அடக்குவது கஷ்டம். அந்த மாதங்களில் ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள் என்று அவர் காலில் விழுந்தாவது சொல்லுவேன். அதோடு, வேட்டி லுங்கி நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்கால் வரைக்குமான டிரவுசரோடு போகச் சொல்லுங்கள். ஜாக்கெட்டில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள், தொண்டை கட்டிப்போன ஆளும் விசில் ஊதலாம். சாராயம் உள்ளே போயிருந்தால் அன்றைக்குப் பரிசலே வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் கிணற்றில் நீச்சல் பழகினோம், இப்போது பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கேன் கட்டுகிறோம். பரிசலில் போகும்போது அதையே கட்டிக்கொண்டால் போதாதா? (அந்தியூர் வாசகர்)

பதில்: போதாது, அது ஆளையே கொன்றுவிடும். கிணற்றில் பழகும்போது குப்புற நீந்துகிறோம், முதுகில் கட்டியது இடுப்பைத் தூக்கிக் கொடுக்கிறது, தலையை நாமே நிமிர்த்திக்கொள்கிறோம், மேலே அப்பாவோ மாமாவோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதே கேனோடு தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தால் முதுகு மேலே, முகம் தண்ணீருக்குள். மிதக்கிற பொருள் நெஞ்சுப் பக்கமும் பிடரிக்குப் பின்னாலும் இருந்தால்தான் மயங்கிய ஆள் மல்லாந்து கிடப்பார். நல்ல ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், முன்பக்க ஃபோம் தடிமனாகவும் முதுகில் மெலிதாகவும் இருக்கும். காரணம் இதுதான். கேனைப் பரிசலில் போட்டு வையுங்கள், விழுந்தவருக்கு வீசுவதற்கு உதவும், ஒரு கயிறும் கட்டி.

கேள்வி: திருப்பூரில் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆர்டர் குறைந்த மாதங்களில் லைஃப் ஜாக்கெட் தைத்து அணைப் பக்கம் குறைந்த விலைக்கு விற்கலாமா என்று யோசனை. தையல் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லைங்க. (திருப்பூர் வாசகர்)

பதில்: தையல் உங்களுக்கு வரும், சந்தேகம் இல்லை. மீதிதான் பிரச்சினை. மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். தெர்மாகோல் நொறுங்கும். தண்ணீர் உள்ளே புகாத, குமிழி ஒவ்வொன்றும் மூடியிருக்கிற ஃபோம்தான் போட வேண்டும், அதுவும் வருடக்கணக்கில் சுருங்காமல் இருக்க வேண்டும். காட்டன் நூல் ஈரத்தில் இற்றுப்போகும், பாலியஸ்டரோ நைலானோதான். வார் சேருகிற இடமெல்லாம் பார்டாக் (ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடுகிற கெட்டித் தையல்) அடிக்க வேண்டும், ஏனென்றால் விழுந்தவரைப் படகில் இருப்பவர்கள் ஜாக்கெட்டைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், முழு ஆளின் பாரமும் அந்தத் தையலில் வரும். பக்கிள் ஈரக்கையில் கழற்ற வர வேண்டும், இழுவையில் கழன்றுவிடக் கூடாது. இத்தனைக்கும் மேலே, நினைவு தப்பியவரை அது புரட்டுகிறதா என்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தியாவில், கப்பல்களுக்குத் தரச்சான்று கொடுக்கிற இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்றவர்களின் சான்று வாங்கி விற்கிறார்கள். அந்த வழியில் முறையாகப் போவதென்றால் தாராளமாக இறங்குங்கள், நம்ம பக்கம் நல்ல விலையில் நல்ல சரக்குக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது. சான்று இல்லாமல் ஒரு உருப்படிகூட விற்காதீர்கள். வாங்குகிறவர் அதை நம்பித் தண்ணீருக்குள் போகப் போகிறார்.

கேள்வி: அமராவதி அணைப் பக்கம் மாமனார் ஊர். லீவுக்குப் போனால் என் 8 வயது மகளை அவர் பரிசலில் கூட்டிப் போகிறார். ஜாக்கெட் வாங்கலாம் என்றால், வளருகிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடு என்கிறார்கள். (உடுமலை வாசகி)

பதில்: பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் அப்படி வாங்கலாம், இதை வாங்கவே கூடாது. லேபிளில் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று எடை போட்டிருக்கும், பாப்பாவின் இன்றைய எடை அதற்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தோளும் இடுப்பும் ஒரே அகலம், ஜாக்கெட் சுலபமாக உருவிக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் இரண்டு காலுக்கும் நடுவே போட்டு மாட்டுகிற வார் கட்டாயம் வேண்டும். பிடரியில் தூக்குவதற்குக் கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது. கேஸில் ஊதுகிற வகை 16 வயதுக்குக் கீழே ஆகாது. நிறம் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்று இருக்கட்டும். நீலத்தைத் தண்ணீரில் தேட முடியாது. மாமனாருக்கும் ஒன்று சேர்த்தே வாங்குங்கள், பேத்தி விழுந்தால் முதலில் குதிக்கப் போவது அவர்தான்.

கேள்வி: நண்பர்களோடு நீலகிரியில் ஒரு ஏரியில் படகில் போனோம். கொடுத்த ஜாக்கெட் ஈரமாக நாற்றம் அடித்தது, ஒரு பக்கிள் உடைந்திருந்தது. எதுவும் சொல்லாமல் போட்டுக்கொண்டோம். கேட்டிருக்க வேண்டுமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: கேட்டிருக்க வேண்டும். மலை மேலே ராத்திரி உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரியில் அந்தத் தண்ணீர் நாம் பழகிய தண்ணீர் அல்ல, பெருந்துறைக்காரருக்கு எழுதிய பதிலில் பாதி உங்களுக்கும் பொருந்தும். ஈரம் பரவாயில்லை. உடைந்த பக்கிள், கிழிந்து ஃபோம் வெளியே தெரிவது, பிதுக்கினால் தண்ணீர் வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் வேறு கொடுங்கள் என்று கேளுங்கள், இல்லை என்றால் படகில் ஏறாதீர்கள்.

கேள்வி: மேட்டூர் அணையில் எங்கள் ஆட்கள் ஒருவரை வெகுநேரம் கழித்துத் தூக்கினார்கள். நடுங்கிக்கொண்டிருந்தார். கை காலைத் தேய்த்துவிட்டு, பிராந்தி கொடுக்கலாம் என்றார்கள். அது சரியா? (கொளத்தூர் வாசகர்)

பதில்: இரண்டுமே தவறு. தேய்த்தால் கை காலில் இருக்கிற குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்கு ஓடும். பிராந்தி தோலுக்குச் சூடு மாதிரிக் காட்டிவிட்டு உள்சூட்டை வெளியே விட்டுவிடும். தண்ணீரில் இருந்து எடுக்கும்போதே முடிந்தவரை படுத்த வாக்கில் எடுங்கள், நிற்க வைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள்; வெகுநேரம் கிடந்தவருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும், அதற்கு மேலும் ஆகலாம். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, நெஞ்சும் வயிறும் தலையும் மூடுகிற மாதிரிப் போர்வை சுற்றுங்கள். நல்ல நினைவோடு பேசுகிறார் என்றால் மட்டும் சூடாக, சர்க்கரை தூக்கலாக டீ. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கிற முதலுதவியை ஆரம்பித்து, கூட இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீர் குடித்து இருமியவர் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் சரி, நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

கேள்வி: என் ஜாக்கெட் வாங்கி வெகுகாலம் ஆயிற்று, வெளுத்துப் போய்விட்டது. இன்னும் தாங்குமா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? (பவானி வாசகர்)

பதில்: உண்டு. கடையில் இருக்கிற 5 கிலோ இரும்பு எடைக்கல் இரண்டை இரவல் வாங்கி, ஜாக்கெட்டின் எல்லாப் பக்கிளையும் மாட்டி, கீழே தொங்குகிற மாதிரிக் கட்டி, தோட்டத்துத் தொட்டியில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வையுங்கள். இரும்பு தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்குக்கு மேல் எடை குறையும், ஆகவே 10 கிலோ கல் இழுப்பது 9 கிலோவுக்கும் கீழேதான். பெரியவருக்கான 100 நியூட்டன் ஜாக்கெட் அதைத் தாங்கி மிதந்தே ஆக வேண்டும். 50 என்றால் ஒரு கல் போதும். மறுநாள் அமிழ்ந்து கிடந்தால் அதை வெட்டிப் போட்டுவிடுங்கள், அப்படியே கொடுத்தால் வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மிதந்தாலும் துணியை விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். வெயிலில் இற்ற துணி பட்டென்று கிழியும். உட்கார மெத்தையாகப் போடுவது, மோட்டார் டீசல் பக்கம் வைப்பது, வண்டிக்குப் பின்னால் வெயிலில் கட்டி வைப்பது, இதெல்லாம்தான் ஃபோமையும் துணியையும் சீக்கிரம் கெடுக்கிறது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் போதும்.